கருவறையிலேயே உயிர் பிரிவது ஏன்? தடுப்பது எப்படி?

கர்ப்பத்தின் 28ஆம் வாரத்திலோ அதற்குப் பின்னரோ உயிரின் அறிகுறி ஏதுமின்றிக் குழந்தை பிறப்பதே, உலக நாடுகளின் கணக்கெடுப்பில் இறந்து பிறத்தல் எனப்படுகிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 19 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறக்கின்றன; அவற்றுள் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை பிரசவ வலி தொடங்கிய பின்னரே இறந்தவை என்பதால், இதனை விதியென்று ஒதுக்குவது பொருந்தாது.

கருப்பை இறுகும் ஒவ்வொரு முறையும் நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, இறுக்கம் தளரும்போது மீள்கிறது. வலியைத் தூண்டும் ஆக்ஸிடாசின் மருந்தை அளவின்றிச் செலுத்தினால் அந்த இடைவெளி சுருங்கிக் குழந்தை மூச்சுத்திணறலுக்கு ஆளாகும்; எனவேதான் வலி வலுத்த கட்டத்தில் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறையும், குழந்தை வெளிவரும் கட்டத்தில் 5 நிமிடங்களுக்கு ஒருமுறையும் அதன் இதயத்துடிப்பைக் கேட்க வேண்டும் என்கின்றனர்.

கர்ப்பகாலத்தில் பதுங்கியிருக்கும் காரணங்களுள் முன்சூல்வலிப்பு, அதாவது இரத்த அழுத்தம் உயர்ந்து பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் வெளியேறும் நிலை, முதன்மையானது. கருப்பையின் சுருள் தமனிகள் போதிய அளவு விரிவடையாததால் நஞ்சுக்கொடி பட்டினி கிடக்க, குழந்தையின் வளர்ச்சி தடைப்படுகிறது. தாய்க்கோ தொடக்கத்தில் எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. இரத்த அழுத்தமானியும் வயிற்றை அளக்கும் நாடாவும் அற்பமாகத் தோன்றினாலும், இதனைக் காட்டிக்கொடுப்பவை அவையே.

நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைத் தாக்கும் மேகநோயை, அதாவது சிபிலிஸை, முதல் மாதங்களிலேயே இரத்தப் பரிசோதனையால் கண்டறிந்து பென்சிலின் ஊசியால் குணப்படுத்தலாம். ஆக்ஸிஜன் குறைந்த குழந்தை அசைவைக் குறைத்து ஆற்றலைச் சேமிக்கும் என்பதால், அசைவு குறைந்ததாக உணரும் தாய் மறுநாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.