யாப்பஹுவக் கோட்டையிலிருந்து கெய்ரோவுக்குப் போன ஓலை

மட்டக்களப்பில் ரயிலேறிக் கொழும்புக்குப் போய்வரும் எங்கட ஆக்களுக்கு மாஹோ சந்தி புதிய இடமல்ல. கிழக்கு ரயில் பாதை வடக்குப் பாதையோடு வந்து சேருமிடம் அது. அங்கிருந்து சுமார் ஐந்து கிலோமீற்றர் தூரத்தில், சமதரையில் திடுமென எழுந்து நிற்கிறது ஒரு பெருங்கற்பாறை. உயரம் ஏறத்தாழ 300 அடி. அதன் அடியிலும் உச்சியிலும் சிதைந்து கிடப்பதுதான் யாப்பஹுவக் கோட்டை.

தம்பதெனிய, யாப்பஹுவ, குருநாகல், கம்பளை, கோட்டை என்று பாடசாலையில் பிள்ளைகள் மனனம் செய்யும் தலைநகரங்களின் வரிசையில் இதுவும் ஒன்று. அங்குள்ள படிக்கட்டின் சிங்கங்களில் ஒன்று பத்து ரூபாய்த் தாளிலும் இடம்பிடித்தது. ஆனால் இந்தக் கோட்டையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன் எகிப்துக்கு அனுப்பிய தூதர் ஒரு ஹாஜியார் என்பதை எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்?

கோட்டை பிறந்த கதை

கலிங்க மாகன் 1215இல் பொலன்னறுவையைப் பிடித்ததும் சிங்களத் தலைவர்கள் தெற்கேயும் மேற்கேயும் சிதறி, ஏறுதற்கரிய பாறைகளில் அரண் அமைத்தார்கள். அப்படி இந்தப் பாறையில் முதலில் அரண் கட்டியவன் சுப என்ற படைத்தளபதி என்று சூளவம்சம் கூறுகின்றது. அவன் பெயராலே இதனைச் சுபகிரி என்றும் அழைத்தனர். பின்னர் மலாயத் தீபகற்பத்திலிருந்து இரண்டாம் முறை படையெடுத்து வந்த சாவக மன்னன் சந்திரபானு தோல்வி கண்டதும் இந்தப் பக்கத்தில்தான்.

தம்பதெனியவில் நான்காம் விஜயபாகுவை மித்த என்ற தளபதி கொன்றபோது, மன்னனின் தம்பி புவனேகபாகு உயிர் தப்பி ஓடிவந்து ஒளித்ததும் இந்தக் கோட்டைக்குள்ளேதான். மித்தன் கொல்லப்பட்டபின் 1272 அளவில் புவனேகபாகு முடிசூடினான். சில காலத்தில் யாப்பஹுவையையே தலைநகராக்கினான்.

கோட்டையின் அமைப்பைப் பார்த்தால் அந்தக் காலத்தின் பயம் விளங்கும். பின்பக்கத்துக்குப் பாறையே மதில். முன்பக்கத்தில் அரைவட்டமாக ஒன்றுக்கு வெளியே ஒன்றாக மதிலும் அகழியும். நடுவே செங்குத்தான கற்படிக்கட்டு. அதன் மேல்முகப்பில் ஆடுவோரும் வாத்தியம் இசைப்போரும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரே கல்லைக் குடைந்து செய்த சாளரம் ஒன்று இப்போது கொழும்பு நூதனசாலையில் உள்ளது. இடிபாடுகளைத் தோண்டியவர்களுக்குச் சீன நாணயங்களும் சீனப் பாண்டங்களும் கிடைத்தன. கடலே கண்ணுக்குத் தெரியாத ஒரு காட்டுப் பாறைக்குச் சீனச் சாமான் எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கான பதில் தூதின் கதையில் இருக்கிறது.

வாசிக்க முடியாத கடிதம்

ஹிஜ்ரி 682 முஹர்ரம் மாதம், அதாவது கி.பி. 1283 ஏப்ரலில், இலங்கையிலிருந்து ஒரு தூதுக்குழு கெய்ரோ சென்றடைந்தது. அப்போது அங்கே மம்லூக் சுல்தான் கலாவூனின் ஆட்சி. அவரது அரச செயலாளர் இப்னு அப்துஸ் ஸாஹிரின் நூலிலும், பிற்கால வரலாற்றாசிரியர் மக்ரீஸியின் நூலிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. தூதரின் பெயர் அல்-ஹாஜ் அபூ உத்மான். புவனேகபாகு என்ற பெயரோ அரபு எழுத்தரின் காதில் ‘அபூ’ என்று தொடங்கும் பெயராக விழுந்துவிட்டது!

மன்னனின் கடிதம் பொற்பேழை ஒன்றில், ஓலை போன்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. கெய்ரோ நகரில் அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரும் கிடைக்கவில்லை. ஆகவே தூதரிடமே வாய்மொழியாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். முத்தும் மாணிக்கமும் யானையும் கறுவாவும் துணிவகைகளும் தன்னிடம் ஏராளம் உண்டு. முத்துக்குளிப்பு தனக்கே உரியது. கருவூலங்களில் மணிகள் நிறைந்த 27 கோட்டைகள் உண்டு. சுல்தான் கேட்டால் ஆண்டுதோறும் 20 கப்பல் தரலாம். எகிப்திய வணிகர்கள் தாராளமாக வரலாம். யமன் அரசரின் தூதரைச் சுல்தானுக்காகவே திருப்பி அனுப்பிவிட்டேன். மன்னனின் செய்தி இதுதான். சுல்தான் தூதுக்குழுவை உபசரித்துப் பதிலும் கொடுத்தனுப்பினார்.

யமனை ஏன் இழுக்கவேண்டும்? இந்துசமுத்திரச் சரக்கு செங்கடலுக்குள் நுழையும் வாசல் ஏடன் துறைமுகம். அது யமனின் ரசூலி அரசர்கள் கையில். ஏடனைத் தாண்டி நேரே எகிப்தோடு வியாபாரம் செய்தால் இரு தரப்புக்கும் லாபம். தூதுக்குழு ஹுர்முஸ், பக்தாத் வழியாகச் சுற்றிப் போனதற்கும் இதுவே காரணமாகலாம். 1288இல் கலாவூன் சீனா, இந்தியா, சிந்து, யமன் வணிகர்களுக்குப் பாதுகாப்பு உறுதிமொழி வழங்கியதையும் சேர்த்துப் பார்த்தால், மன்னனின் கணக்குப் பிழைக்கவில்லை.

ஆனால் கோட்டை அதுவரைக்கும் நிலைக்கவில்லை. 1284 அளவில் புவனேகபாகு இறந்தான். நாட்டில் பஞ்சம். மதுரையிலிருந்து மாறவர்மன் குலசேகர பாண்டியனின் படை ஆரியச்சக்கரவர்த்தி தலைமையில் வந்து, யாப்பஹுவையை அழித்து, புத்தரின் புனித தந்தத்தையும் மதுரைக்குக் கொண்டுபோனது. பின்பு மூன்றாம் பராக்கிரமபாகு நேரில் போய்ப் பேசித்தான் அதை மீட்டான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இந்தச் சம்பவத்தை மேடைகளில் சொல்லும்போது எம்மவர் சிலர் இரண்டு பக்கமும் வழுக்கிவிடுகிறார்கள். தூதரைத் தங்கள் ஊர்ப் பரம்பரையோடு முடிச்சுப் போடுவது ஒன்று. அவரைப் பற்றிய பதிவு தருவது ஒரு பெயரும் ஹாஜி என்ற பட்டமும் மட்டுந்தான். அதில் வம்சம் கட்டுவது ஆய்வாகாது. மற்றது, இதை முஸ்லிம்கள் ஒரு பக்கம், பிறர் மறுபக்கம் என்று கதைப்பது. அதே நூற்றாண்டின் இறுதியில் பாண்டியரின் காயல் துறைமுகத்தில் வஸீராக இருந்தவர் தகியுத்தீன் என்ற அரபு முஸ்லிம். பாண்டியனுக்குக் குதிரை வந்ததும் முஸ்லிம் வணிகர் கையால்தான். ஆக, எம்மவர்கள் இரு கரையிலும் நின்றார்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இது: பெளத்த மன்னன் ஒருவன் தன் நாட்டின் வாயாக ஒரு ஹாஜியாரை நம்பி அனுப்பினான். ஓலையை வாசிக்க ஆளில்லாத சபையில் அவர் சொன்னதே அரசனின் சொல்லாயிற்று. கடைத்தெருவுக்கு மட்டும் வந்துபோன கூட்டம் என்று எங்களைச் சொல்வோருக்கு இது போதுமான மறுமொழி.

ஆனால் ஒரு வேதனை. சூளவம்சம் இந்தத் தூதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எம்மவர் கைகளிலும் ஒரு குறிப்பு மிஞ்சவில்லை. கெய்ரோவின் எழுத்தர் எழுதி வைத்ததால்தான் அபூ உத்மான் பிழைத்தார். 2004 கடல்கோளில் மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை வீடுகளோடு பழைய உறுதிகளும் அரபுத்தமிழ்க் கிதாபுகளும் கடலோடு போயின. மிஞ்சியவை இன்னும் பரண்களிலும் பழைய பெட்டகங்களிலும் கறையான் தின்னக் கிடக்கின்றன. அவற்றை எடுத்துப் படம்பிடித்து, யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி வைக்க ஒரு கைபேசியும் ஒரு கொப்பியும் காணும்.