தலைச்சொல் தாங்கும் எழுத்து

நிகண்டு கற்றோர்க்குச் சொல்லைத் தேடும் தொல்லை இல்லை. செய்யுளாய் நெஞ்சிற் பதிந்த சொல் ஓசை வழியே நினைவுக்கு வந்துவிடும். அகராதியின் இயல்பு வேறு. அதனை எவரும் மனனஞ் செய்வதில்லை. வேண்டியபோது விரித்துக் கண்ணாலே தேடுகின்றோம். ஆகவே, பொருள் கூறும் பகுதியினின்றும் தலைச்சொல் பிரிந்து தோன்றுதல் வேண்டும். ஆங்கில அச்சுக்கலை இத்தேவையை எவ்வாறு நிறைவு செய்தது என்பது ஆசிரியரும் மாணாக்கரும் அறியத்தக்கது.

அங்குப் பழைய அச்சாளர், ஒரு சொல்லை வேறுபடுத்திக் காட்டப் பெரும்பாலும் சாய்வெழுத்தையே கையாண்டனர். 1845ஆம் ஆண்டில், இலண்டன் பான் வீதி எழுத்துவார்ப்பகத்தைச் சேர்ந்த றொபேட் பெஸ்லி என்பார் 'கிளறெண்டன்' என்னும் அச்செழுத்தை வெளியிட்டார். அதனைச் செதுக்கியவர் பெஞ்சமின் பொக்ஸ். பெஸ்லி பின்னர் 1869இல் இலண்டன் மாநகர முதல்வர் பதவியையும் பெற்றார்.

இவ்வெழுத்தின் இலக்கணம் மூன்று. ஒன்று, கோடுகள் தடித்தவை. இரண்டு, கோடு முடியும் இடந்தோறும் கட்டை போன்றதொரு குறுக்கடி உண்டு. அது தண்டோடு வளைந்து பொருந்தும். மூன்று, உடல் ஒடுங்கியது. இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்குவன. தடித்த எழுத்து இடத்தை விழுங்கும்; ஒடுக்கம் அக்குறையை நீக்கும். ஒடுங்கிய எழுத்துகள் நெருங்கி நிற்கையிற் கண் தடுமாறும். குறுக்கடிகள் வரிக்கு நிலமாகி அவற்றை நிறுத்தும். இதனாலன்றோ அகராதியின் குறுகிய பத்தியிலும் நீண்ட தலைச்சொல் தெளிவாய் அமைகின்றது!

அக்காலச் சட்டம் இவ்வடிவத்துக்கு அளித்த காப்பு மூன்றாண்டே. அது முடிந்ததும் பிற வார்ப்பகங்கள் இதனைப் பின்பற்றின. நாளடைவில், 'கிளறெண்டன்' என்பது தடித்த எழுத்துக்கே பெயராக ஆங்கில அச்சகங்களில் வழங்கலாயிற்று. சிறப்புப்பெயர் பொதுப்பெயரான விந்தை இது. அமெரிக்காவில் மரவெழுத்துச் செய்தோர் உடலை மேலும் ஒடுக்கிக் குறுக்கடிகளைத் தண்டினும் பருக்கச் செய்தனர். சுவரொட்டிகளில் அது தொலைவிலிருந்தே கண்ணை ஈர்த்தது. 1953இல் ஹெர்மன் ஐடன்பென்ஸ், சுவிற்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்துக்காகக் கிளறெண்டனுக்குப் புத்துயிர் அளித்தார்.

யான் பெரிதும் போற்றுவது சுவரிற் கூவும் வடிவையன்று; அகராதியில் அடக்கமாய் வழிகாட்டும் வடிவையே. பக்கம் முழுவதும் தடித்த எழுத்தாயின் தடிப்புக்குப் பயன் யாது? பாடநூலின் எல்லா வரிகளுக்கும் அடிக்கோடிடும் மாணாக்கன் எதற்கும் கோடிடாதவனே ஆவான். எது தலையாயது என முன்னரே தெளிந்தவன் கையிலேதான் தடித்த எழுத்துப் பொருள் பெறுகின்றது.