பாட்டிலிருந்து வெட்டப்பட்ட பெயர்

தக்கலையில் மைக்செட் வைத்துப் பிழைக்கிறவனுக்கு எல்லா மதத்துப் பாட்டும் வேண்டும். அம்மன் கோவில் கொடைக்கு ஒரு பென் டிரைவ், பங்குத் திருவிழாவுக்கு ஒன்று, கல்யாண வீட்டுக்கு ஒன்று. விழாக் கமிட்டிக்காரர்களே பாதி நேரம் கொண்டுவந்து கையில் தந்துவிடுவார்கள். அதில் ஒன்றைக் கணினியில் செருகி, ஏதாவது ஒரு பாட்டின் விவரத்தைத் திறந்து பாருங்கள். பாடியவர் என்ற இடத்தில் ஒரு வலைத்தளத்தின் முகவரி இருக்கும். இசை என்ற இடத்திலும் அதேதான். அட்டைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தத் தளத்தின் சின்னம். வாலியைக் காணோம், ஜானகியைக் காணோம். பாட்டை இலவசமாகத் தருகிறோம் என்று வந்தவர்கள் பாட்டுக்காரர்களின் பெயரை வெட்டிவிட்டுத் தங்கள் பெயரை ஒட்டிக்கொண்டார்கள்.

பாட்டைப் படியெடுப்பது இணையத்தோடு பிறந்த பழக்கம் இல்லை. கேசட் காலத்தில் ரிக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால், வெற்றுக் கேசட்டில் பதிந்து, அதே வரிசையை அழகான கையெழுத்தில் அட்டையில் எழுதித் தருவார்கள். எழுதுகிற பையன் படத்தின் பெயரோடு பாடியவர் பெயரையும் போடுவான். பிறகு எம்பி3 சிடி வந்தது. அதற்கும் பிறகு செல்போன் கடைகளில் 'பாட்டு ஏற்றித் தரப்படும்' என்ற அட்டை தொங்கியது. மெமரி கார்டைக் கொடுத்துவிட்டு ஒரு சாயா குடித்துவிட்டு வந்தால், ஆயுசு முழுக்கக் கேட்டாலும் தீராத பாட்டு அதில் ஏறியிருக்கும்.

இதில் எதையும் சட்டம் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொள்ளவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, தெரிந்தே உரிமையை மீறுகிறவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். இது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், 2004இல் குண்டர் சட்டத்தில் 'வீடியோ பைரசி' செய்கிறவர்களையும் சேர்த்தார்கள். சினிமாப் பாட்டைத் திருட்டுத்தனமாகப் பதிந்து விற்பதும் அதன் வரையறைக்குள் வரும். சாராயம் காய்ச்சுகிறவனும் பாட்டு ஏற்றுகிறவனும் ஒரே சட்டத்தில்! சட்டம் எழுதியவர்கள் எங்கள் ஊர் செல்போன் கடையை எட்டிப் பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

"நம்ம பைசா குடுத்து வாங்குன பாட்டாக்கும் அண்ணே, நாலு பேருக்கு அனுப்பினா என்ன?" என்று என்னிடம் வேலை பார்க்கும் பையன் கேட்பான். காசு கொடுத்து நாம் வாங்குவது பாட்டை அல்ல, கேட்கிற உரிமையைத்தான். சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்திக்கொள்ள 52ஆவது பிரிவு இடம் தருகிறது. அதையே வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டால் அது சொந்த உபயோகம் ஆகாது. கள்ளத்தளத்திலிருந்து இறக்கிவிட்டு அந்தப் பிரிவைக் காட்டித் தப்பலாம் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

பாட்டுக்கு உரிமை ஒன்று அல்ல, பல. எங்கள் பக்கத்து ரப்பர் விளையில் நிலம் ஒருவருக்கு, மரத்தைப் பாட்டத்துக்கு எடுத்தவர் இன்னொருவர், பால் வெட்டுகிறவர் மூன்றாமவர். பாட்டும் அப்படித்தான். வரிகள் கவிஞருக்கு, மெட்டு இசையமைப்பாளருக்கு, ஒலிப்பதிவு அதற்குப் பணம் போட்டவருக்கு, பாடுகிறவருக்குத் தனியாக ஓர் உரிமை. காலமும் வேறு வேறு. ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு. வரிக்கும் மெட்டுக்கும், ஆக்கியவர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு. 'காதலிக்க நேரமில்லை' வந்தது 1964இல். அந்த ஆண்டு வெளியான இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2024 முடிவோடு தீர்ந்தது. ஆனால் கண்ணதாசன் மறைந்தது 1981இல், எம்.எஸ். விஸ்வநாதன் மறைந்தது 2015இல். வரிகள் 2041 முடியும் வரையும், மெட்டு 2075 முடியும் வரையும் உரிமைக்குள்தான் இருக்கும். தட்டு பொதுச்சொத்து, அதற்குள் இருக்கிற பாட்டு பொதுச்சொத்து இல்லை. தேரூர் கவிமணியின் பாடல்களுக்கு இந்த வில்லங்கம் இல்லை. அவர் மறைந்தது 1954இல். எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் இன்று மெட்டுப் போட்டு வெளியிடலாம்.

தக்கலைக்காரனுக்கு இதைப் புரியவைக்க இதைவிடச் சுலபமான வழி உண்டு. இங்கே பீர் முகம்மது அப்பா தர்காவில், ரஜப் மாத ஆண்டு விழாவில், அவர் எழுதிய ஞானப்புகழ்ச்சியை விடிய விடியப் பாடுவார்கள். பதினேழாம் நூற்றாண்டுப் பாட்டு. பாட்டுக்கு இன்று உரிமையாளர் யாரும் கிடையாது, எல்லாருக்கும் சொந்தம். அதை ஒருவர் ஸ்டூடியோவில் பாடி வெளியிட்டால், அந்தப் பதிவு அவருடையது. அப்பா எழுதிய பாட்டுதானே என்று அந்தப் பதிவை எடுத்து நான் விற்க முடியாது. நானே பாடிப் பதிந்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. தர்காவில் பாடுகிறவர்களை செல்போனில் பதிந்து இணையத்தில் ஏற்றுகிறோமே, அதற்கும் பாடுகிறவர்களின் சம்மதம் வேண்டும். நிகழ்த்துகிறவருக்குச் சட்டம் 50 ஆண்டு உரிமை கொடுத்திருக்கிறது. கேட்டால் அநேகமாக மறுக்க மாட்டார்கள். கேட்கிறவர்கள்தான் குறைவு.

'காசு போனா கம்பெனிக்குத்தானே போவுது, கவிஞருக்கா போவுது?' என்று ஒரு வாதம் உண்டு. ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் படத் தயாரிப்பாளரிடம் கூலி வாங்கிவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாடகருக்கு ஒன்றுமே இல்லையே என்று நீதிபதி கிருஷ்ணய்யர் அதிலேயே தனிக்குறிப்பாக வருத்தப்பட்டார். 2012இல்தான் சட்டம் திருந்தியது. ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இருந்து இதற்காகப் போராடினார். கவிஞரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை இனி எழுதிக் கொடுத்தாலும் இழக்க முடியாது. வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே மாற்றலாம். அந்தப் பங்கு போய்ச் சேர வேண்டுமென்றால், ஒலித்த பாட்டு யாருடையது என்று கணக்கில் இருக்க வேண்டும். விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்க விடுகிற முறையான செயலிகளில் சில பைசாவாவது அந்தக் கணக்கில் விழும். பெயரை வெட்டிய கோப்பில் ஒரு பைசாவும் விழாது. விளம்பரக் காசு முழுக்கத் தளம் நடத்துகிறவனுக்கு.

அதே சமயம், கம்பெனிகள் அழுவதையெல்லாம் நான் அப்படியே நம்புகிறவன் இல்லை. 2011 நவம்பரில் 'கொலவெறி' பாட்டின் முடியாத வடிவம் எப்படியோ இணையத்தில் கசிந்தது. அதன் பிறகே முறையாக வெளியிட்டார்கள். ஜனங்கள் பகிர்ந்து பகிர்ந்துதான் அது உலகம் சுற்றியது. அந்தப் பாட்டு இடம்பெற்ற '3' படம் 2012 மார்ச் கடைசியில் திரைக்கு வந்தபோது, படத்தின் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாதவர்களுக்கு எதிராகத் தடை வாங்கியது. அந்த உத்தரவைக் காட்டி இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற முழுத் தளங்களையே மூடிவைத்தன. முறையாகத் தங்கள் சொந்தக் குறும்படங்களைப் போட்டிருந்தவர்களும் சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள். முகமூடி போட்டுக்கொண்டு இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். மூடுவதென்றால் குறிப்பிட்ட முகவரியை மட்டும் மூடு, தளத்தையே மூடாதே என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பகிர்வு விளம்பரமாக உதவும்வரை கொண்டாட்டம், வசூல் நாள் வந்ததும் குற்றம்.

கம்பெனிக்கு வக்கீல் உண்டு. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவப் பாட்டு போடுகிறவர்களுக்கு யார் உண்டு? எனக்குத் தெரிந்த ஒரு பாடகர் குழுத் தலைவர், மனைவியின் நகையை ஈடு வைத்து நாகர்கோவிலில் பாட்டுகள் பதிந்து சிடியாக வெளியிட்டார். வெளியீட்டு விழாவுக்கு மைக்செட் என்னுடையதுதான். ஒரு வாரத்துக்குள் முழு ஆல்பமும் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அனுப்பியவர்கள் எல்லாம் அவரை நேசிக்கிறவர்கள். சுவிசேஷம் பரவட்டும் என்றுதான் அனுப்பினார்கள். பாட்டு பரவியது, சிடி கட்டுகள் பரணில் இருந்தன. நகை திரும்பி வர நாளானது. பக்கத்து ஊர் ஒன்றில் அந்தப் பாட்டை வேறொருவர் தன்னுடையது என்று சொல்லிப் பாடியபோதுதான் மனிதருக்குக் கோபம் வந்தது. "பாடட்டும்டே, யாரு வேண்டாம்னா? எம் பேரை வெட்டாண்டாம்னு சொல்லு" என்றார். சட்டத்தின் 57ஆவது பிரிவு சொல்வதும் இதைத்தான். உரிமையை விற்றுவிட்டாலும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை ஆக்கியவரிடமே இருக்கும்.

பெயர் போட்டுவிட்டால் போதும் என்றும் ஆகிவிடாது. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தை எங்கள் ஊரில் பார்க்காதவர்கள் குறைவு. 'குணா' படப் பாட்டைத் தன் அனுமதி இல்லாமல் அதில் பயன்படுத்தியதாக இளையராஜா 2024 மே மாதம் நோட்டீஸ் அனுப்பினார். படத்தின் டைட்டில் கார்டில் அவர் பெயர் இருந்தது. இசை உரிமை வைத்திருந்த நிறுவனங்களிடம் காசு கொடுத்து வாங்கியதாகத் தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். விளையின் சொந்தக்காரரும் பாட்டக்காரரும் தங்களுக்குள் போடுகிற வழக்கு இது. பாட்டு கேட்கிறவனுக்கு இதில் பங்கில்லை.

எனக்கு அன்றாடம் வருகிற சந்தேகம் கல்யாண வீடுதான். திருமண ஊர்வலத்திலும் அதையொட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டுப் போட அனுமதி தேவையில்லை என்று 52ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் கட்டணம் கேட்கிறார்கள் என்று புகார் வந்ததால், 2023 ஜூலையில் மத்திய அரசு மீண்டும் ஒரு சுற்றறிக்கை விட்டது. அதன் நகலை செல்போனில் வைத்திருக்கிறேன்; மண்டபத்தில் யாராவது கேட்டால் காட்டுவேன். ஆனால் பிறந்தநாள் விழாவுக்கும் கடைத் திறப்புக்கும் இந்தச் சலுகை கிடையாது. கட்டணச் செயலியின் சந்தா ஒன்று எடுத்து அதிலிருந்தே எல்லா இடத்திலும் போட்டுவிடலாமே என்று பையன் கேட்டான். சந்தாவின் நிபந்தனையைப் படிக்கச் சொன்னேன்: சொந்த உபயோகத்துக்கு மட்டும், பொது இடத்தில் ஒலிக்கக் கூடாது. அதனால் கடைத் திறப்புக்கு ஆர்டர் வந்தால் உரிமக் கட்டணம் எவ்வளவு என்பதை வாடகைச் சீட்டிலேயே தனி வரியாக எழுதிவிடுகிறேன். முக்கால்வாசிப் பேர் அந்த வரியைப் பார்த்ததும் நாதஸ்வரக்காரரின் நம்பர் கேட்கிறார்கள்.