மானேசர்: ஊதியம் மட்டுமே காரணமா?

புது தில்லி: தொழிலாளர் அதிருப்தி என்றாலே ஊதிய உயர்வுக் கோரிக்கைதான் என்று நிர்வாகங்கள் எண்ணுவது வழக்கம். தில்லியை அடுத்த ஹரியாணா மாநிலம் மானேசரில் உள்ள மாருதி சுஸுகி கார் தொழிற்சாலையில் 2011, 2012-ம் ஆண்டுகளில் நிகழ்ந்தவை, அந்த எண்ணத்தைப் பொய்யாக்கின.

2011 ஜூன் மாதம் அங்கு 13 நாள் வேலைநிறுத்தம் நடைபெற்றது. தாங்களே அமைக்கும் தொழிற்சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பதே முதன்மைக் கோரிக்கை. ஆகஸ்ட் இறுதியில், நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்திட்டால்தான் ஆலைக்குள் வரலாம் என நிர்வாகம் நிபந்தனை விதித்தது. குறையைக் கேட்க வேண்டியவர்கள் கையெழுத்தைக் கேட்டனர்.

குறைகள் இல்லாமலில்லை. தேநீர் இடைவேளை 7 நிமிடம். அதற்குள் கேன்டீனுக்கு நடந்து, வரிசையில் நின்று, தேநீர் அருந்தி, கழிப்பறைக்கும் சென்று திரும்பியாக வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் ஒரு கார் என நகரும் உற்பத்தி வரிசை, தாமதித்து வருபவருக்காக நிற்பதில்லை. ஊதியத்தில் கணிசமான பகுதி ஊக்கத்தொகை; விடுப்பு எடுத்தால் அதில் வெட்டு விழும். நிரந்தரத் தொழிலாளியின் அருகில் நின்று அதே வேலையைச் செய்த ஒப்பந்தத் தொழிலாளிக்கோ ஊதியமும் குறைவு, வேலைக்கு உத்தரவாதமும் இல்லை.

2012 ஜூலை 18-ம் தேதி, மேற்பார்வையாளர் ஒருவருடன் ஏற்பட்ட தகராறில் தொழிலாளி ஒருவர் தாற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டதாகச் சங்கமும், மேற்பார்வையாளரைத் தாக்கியதாக நிர்வாகமும் கூறின. அன்று மாலை மூண்ட வன்முறையிலும் தீவைப்பிலும் மனிதவளப் பொது மேலாளர் அவனீஷ் குமார் தேவ் உயிரிழந்தார். சங்கத்தைப் பதிவு செய்ய உதவியவர் அவர் என்று தொழிற்சங்கத்தினரே பின்னர் கூறியதுதான் இதில் பெரும் சோகம்.

ஆலை ஒரு மாதம் மூடப்பட்டது. 500-க்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர்கள் நீக்கப்பட்டனர். வழக்கு விசாரணையைச் சந்தித்த 148 பேரில் 13 பேருக்கு 2017 மார்ச்சில் குர்காவ்ன் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 117 பேரைக் குற்றமற்றவர்கள் என விடுவித்தது. விடுவிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டனர்.

2012 ஆகஸ்டில் ஆலை மீண்டும் திறக்கப்பட்டபோது, உற்பத்திப் பணியில் ஒப்பந்தமுறை கைவிடப்படும் என நிர்வாகம் அறிவித்தது. ஒருவகையில், அதிருப்தியின் வேர் எங்கே என்பதை அதுவே ஒப்புக்கொண்டது போலத்தான். ஒப்பந்ததாரர்கள் விலகினர். ஆனால் அவர்களது இடத்தில் நிறுவனமே, சில மாதங்களுக்கு மட்டும் என்று, தாற்காலிகத் தொழிலாளர்களை நேரடியாக அமர்த்தத் தொடங்கியது.