வில்லுப்பாட்டின் வில்

பங்குனி, சித்திரை மாதங்களில் தென்காசிச் சீமையின் ஊர்கள் பலவற்றில் கொடை விழா நிகழும். அம்மன் கோயிலாயினும் சுடலைமாடன் கோயிலாயினும், கொடை என்றால் வில்லுப்பாட்டு உண்டு. இரவெல்லாம் விழித்திருந்து கதை கேட்கும் கூட்டத்தில் மாணவர்களும் அமர்ந்திருப்பார்கள். கதையைக் கேட்டவர் பலர். கதை சொல்லும் புலவருக்கு முன்னே நீண்டு கிடக்கும் வில்லை உற்று நோக்கியவர் சிலரே. அந்த வில் எதனால் ஆனது, ஏன் அதனால் ஆனது என்பதைப் பற்றி இன்று சிறிது பேசலாம் என்று எண்ணுகிறேன்.

வில் என்றவுடன் அம்பு நம் நினைவுக்கு வருகிறது. சேரர் கொடியில் பொறித்த வில்லும், தென்காசி விசுவநாதர் கோயிற் சிற்பத்தில் மன்மதன் ஏந்திய கரும்பு வில்லும் எய்வதற்கு உரியவை. வில்லுப்பாட்டின் வில்லோ ஒருபோதும் அம்பு எய்வதில்லை. வேட்டைக்குச் சென்ற அரசன் ஒருவன் காட்டில் இளைப்பாறியபோது வில்லின் நாணைத் தட்டிப் பாடியதிலிருந்து இக்கலை தோன்றியதென்று செவிவழிக் கதை ஒன்று வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், வேட்டை வில்லின் இலக்கணம் இதற்கும் பொருந்தும்.

அந்த இலக்கணம் இதுதான். ஒரு கழியை வளைத்தால் அதன் வெளிப்புறம் இழுபடும், உட்புறம் நெருக்குண்ணும். மரத்தின் நார்கள் நெருக்கத்தை ஓரளவு தாங்கும். இழுப்பு மிகுந்தாலோ வெளிப்புறத்தில் ஓர் இழை பிளக்கும். பிளந்த இழையின் பாரம் அடுத்த இழைமேல் விழும். கண்ணிமைக்கும் நேரத்தில் வில் இரண்டாக முறியும். நீண்ட வில்லில் வளைவு பரவலாக அமைவதால் இந்த அபாயம் குறைவு. குட்டையான வில்லை அதே அளவு இழுத்தால் வளைவு கூர்மையாகும், அபாயமும் பெருகும்.

இந்த இக்கட்டைத் தீர்க்க உலகின் பல பகுதிகளில் மக்கள் கண்ட வழி வியக்கத்தக்கது. மானின் காலிலும் முதுகிலும் உள்ள தசைநாணை எடுத்து உலர்த்தி, நூல் நூலாகக் கிழித்து, பசையில் தோய்த்து வில்லின் வெளிப்புறம் முழுதும் ஒட்டினார்கள். வட அமெரிக்காவில் யாஹி என்னும் பழங்குடியில் எஞ்சியிருந்த இஷி என்பவர் 1911-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் நகரருகே வெளிப்பட்டார். 1916-இல் இறக்கும்வரை சான்பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் வாழ்ந்த அவரிடம், டாக்டர் சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர் வில் செய்யும் முறையைக் கற்று, 1918-இல் நூலாக வெளியிட்டார். சால்மன் மீனின் தோலைக் காய்ச்சிய பசை. வாயிலிட்டு மென்று பதப்படுத்திய தசைநாண் இழைகள். பிறகு பல நாள் உலர்த்தும் பொறுமை. உலரும்போது தசைநாண் சுருங்கி வில்லைப் பின்னோக்கி இழுக்கும். கழி மூன்று நான்கு அடியே ஆயினும் முறியாது. வடகலிபோர்னியப் பழங்குடியினர் சிலர் ஒட்டிய பரப்பின்மேல் வண்ணக் குறிகள் தீட்டி அழகும் செய்தனர். தமிழில் வில்லின் கயிற்றுக்கும் நாண் என்று பெயர். தசையை எலும்போடு பிணைப்பதையும் தசைநாண் என்கிறோம். பெயரிட்டவர் வில்லை நினைத்தாரோ என்னவோ, பெயர் பொருந்திவிட்டது!

ஆனால் இத்தகைய வில்லுக்கு ஈரம் பகை. தோற்பசை நீரை உறிஞ்சி நெகிழும்; தசைநாணும் தளரும். ஆரியங்காவுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் சாரல் வந்து வீசும் தென்காசி, குற்றாலப் பகுதியில் அதைக் காப்பது எளிதன்று. முகலாயர் காலத்து வட இந்தியாவில் கொம்பும் தசைநாணும் ஒட்டிய வில்லோடு, முழுதும் எஃகாலான வில்லும் வழங்கியது. எஃகு வில்லில் நெகிழ்வதற்குப் பசையே இல்லை.

நம் நாட்டுக் கைவினைஞர் எடுத்துக்கொண்டது பனை. மரங்களைப் பற்றித் தொல்காப்பியர் கூறும் பாகுபாடு ஒன்று இங்கே கைகொடுக்கிறது. உள்ளே வைரம் உடையவற்றை அவர் மரம் என்கிறார். புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்கிறார். புறக்காழ், அகக்காழ் என்பன அவர் சொற்கள். தேக்கின் வைரம் நடுவில். பனையின் வைரம் விளிம்பில். இக்காலத் தாவரவியலும் பனையை ஒருவித்திலைத் தாவரம் என்று புல்லோடும் மூங்கிலோடும் ஒரே பெரும்பிரிவில் வைக்கிறது. முற்றிய பனையைக் குறுக்கே அறுத்தால், விளிம்பை ஒட்டிக் கரிய நார்க்கற்றைகள் நெருங்கி நிற்கும். நடுவே செல்லச் செல்ல அவை அருகி, மென்மையான சோறே மிகும். ஐயமுள்ளவர்கள் பழைய ஓட்டு வீட்டின் பனங்கை முனையைப் பார்க்கலாம். கரும்புள்ளிகளை எண்ணியும் பார்க்கலாம்.

ஆகவே பனை வைரத்தில் செதுக்கிய கழி, இழுப்பைத் தாங்கும் நார்களின் கட்டாகவே இருக்கிறது. இஷி பசையிட்டு ஒட்டியதை இங்கே மரமே வளர்த்துத் தருகிறது. இதுவே அந்த வில்லின் மறைபொருள் என்று நான் கருதுகிறேன். இளமரம் இதற்கு உதவாது. வைரம் ஏற ஆண்டுகள் பல வேண்டும். நடுவில் பருத்து முனைகளில் சிறுக்கும்படி இழைக்கும் அக்கழியை வில்கதிர் என்பர். நீளம் பத்தடி வரை இருக்கும், சிறியனவும் உண்டு. நாணைப் பின்னுக்கு இழுக்க வேண்டியதில்லையாதலால் வளைவு மென்மையானது. ஆனால் இரவு முழுதும் நாணின் விறைப்பு குன்றலாகாது. குன்றினால் ஓசை மங்கும்.

நாண், தோலை முறுக்கிச் செய்வது. ஈரக்காற்றில் தோல் நெகிழும். வெயிற்காலத்து வறண்ட இரவிலோ அது கணீரென்று ஒலிக்கும். அவ்வகையில் பங்குனி, சித்திரைக் கொடை வில்லுக்கு வாய்த்த நல்ல பருவம். உடுக்கின் தோலுக்கும் இதே நியாயம்தான்.

அணி செய்வதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. கதிரின்மேல் வண்ணத் துணியோ பளபளக்கும் தாளோ சுற்றுவார்கள்; முனைகளுக்குக் குப்பி பூட்டுவார்கள். வெண்கல மணிகள் மட்டும் வெறும் அணியல்ல. புலவர் வீசுகோலால் நாணைத் தட்டும்போது அதிர்வு வில் முழுதும் பரவி மணிகளைக் குலுக்குகிறது. நடுவிலே மண்குடத்தின் கழுத்தோடு வில்லைப் பிணைத்திருக்கிறார்கள். குடத்தின் வயிற்றிலுள்ள காற்று அவ்வோசையைத் தாங்கிப் பெருக்குகிறது. குடத்தின் வாயில் தட்டும் ஒலி அதற்கு அடித்தளமாகிறது. பிரேசில் நாட்டுப் பெரிம்பாவ் என்னும் இசைவில்லில் இதே வேலையைச் சுரைக்குடுக்கை செய்கிறது. குமிழ மரக் கொம்பில் மரல் நார் கட்டி இடையன் ஒருவன் வில்யாழ் இசைத்த செய்தி பெரும்பாணாற்றுப்படையில் உண்டு. வில்லுக்கும் இசைக்கும் உறவு நம் நாட்டில் நேற்று வந்ததன்று.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தியடிகளின் வரலாற்றை வில்லில் ஏற்றினார். நெல்லைச் சீமையில் பிறந்த சுப்பு ஆறுமுகம் அதை வானொலிக்கும் வெளிநாடுகளுக்கும் கொண்டு சென்றார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று 2022-இல் மறைந்தார். பாடுவோர் இன்றும் உள்ளனர். முற்றிய பனைதான் அரிதாகி வருகிறது. தமிழ்நாட்டின் மாநில மரம் அது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. மரத்தைக் காக்க வேண்டிய முறை அதுவே. இப்போது இரும்பில் செய்த வில்லும் வழங்குகிறது. அது சாரலுக்கு அஞ்சாது, எளிதில் கிடைக்கும். ஆனால் பழைய பனைக்கதிர் வைத்திருக்கும் புலவர் அதை உறையிட்டு, உலர்ந்த இடத்தில் நாணைத் தளர்த்தி வைப்பது நலம். ஏற்றிய நாணோடே நெடுநாள் கிடந்தால் எந்த மரவில்லும் அவ்வளைவிலேயே பழகி, விறைப்பை இழந்துவிடும். அடுத்த கொடைக்கு நாண் பூட்டும்போது குறை தெரிந்துவிடும்.