பறவைக் காய்ச்சல்: அஞ்சுவதா, ஆயத்தமாவதா?



2021ஆம் ஆண்டு சனவரி மாதம். கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகள் கூட்டங்கூட்டமாக மடிகின்றன, அது பறவைக் காய்ச்சல்தான் என்று ஆய்வில் உறுதியாகிவிட்டது என்ற செய்தி தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். கணவரை இழந்தவர். கொல்லையில் இருபது நாட்டுக்கோழிகளை வளர்த்து, முட்டையும் சேவலும் விற்று, மகளைக் கல்லூரியில் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

“டிவியில என்னென்னமோ சொல்றாங்க. கோழியெல்லாம் இப்பவே வித்துப்போடலாங்களா சாமி?” என்று கேட்டார். அவசரப்பட்டு விற்க வேண்டாம் அம்மா என்று சொல்லி அனுப்ப நினைத்தேன். அவர் நகரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “முந்தாநாள் ரெண்டு, நேத்து மூணு செத்துப்போச்சுங்க. வெளிய சொல்லாதேன்னு பக்கத்து ஊட்டுல சொல்லிப்போட்டாங்க. ராத்திரியோட ராத்திரியா ஓடையில போட்டுட்டேனுங்க.”

அவர் கேட்ட கேள்வியைவிட, அவர் மறைத்து வைத்திருந்த செய்திதான் எனக்குப் பெரிதாகத் தோன்றியது. பறவைக் காய்ச்சல் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் இரண்டு விதமான அச்சம் நம்மிடையே எழுகிறது. ஒன்று, நோய் வந்துவிடுமோ என்ற அச்சம். மற்றொன்று, நம் வீட்டில்தான் வந்தது என்று ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம். முதல் அச்சத்திற்கு மருந்து சரியான தகவல். இரண்டாவது அச்சத்திற்கு மருந்து அடுத்த வீட்டாரின் கையில் இருக்கிறது. இவ்விரண்டையும் பற்றி இங்கே சற்றுச் சிந்திப்போம்.

இது என்ன நோய்?

பறவைக் காய்ச்சல் என்பது இன்புளுயன்சா வகையைச் சேர்ந்த வைரஸ் கிருமியால் வரும் நோய். காட்டு வாத்துகளும் நீர்ப்பறவைகளும் இக்கிருமியின் இயற்கையான இருப்பிடம். அவற்றுள் பல நோயின் அறிகுறியே இல்லாமல் கிருமியைச் சுமந்து செல்கின்றன. அவற்றின் எச்சம், எச்சில், மூக்குநீர் வழியாக ஏரி, வயல், குட்டை நீரில் கிருமி கலக்கிறது. அங்கே மேயும் வாத்துகளுக்கும், பிறகு கோழிகளுக்கும் தொற்றுகிறது. எச்5என்1, எச்5என்8 என்று நாம் கேள்விப்படுபவை இதன் பல வகைகளுள் சில.

1997ஆம் ஆண்டு ஹாங்காங்கில்தான் எச்5என்1 வகை கோழியிலிருந்து மனிதருக்குத் தொற்றியது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அன்று 18 பேர் நோயுற்றனர், அவர்களுள் 6 பேர் இறந்தனர். அந்நகரத்திலிருந்த பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட கோழிகள் கொல்லப்பட்டன. இந்தியாவில் முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டம் நவாப்பூரில் கோழிப் பண்ணைகளில் இந்நோய் தோன்றியது. 2008இல் மேற்கு வங்கத்திலும், 2014, 2021, 2024ஆம் ஆண்டுகளில் கேரளத்தின் குட்டநாட்டுப் பகுதியிலும் பரவியது. ஒவ்வொரு முறையும் வாளையாறு போன்ற எல்லைச் சாவடிகளில் நம் கால்நடைப் பராமரிப்புத் துறையினர் வண்டிகளுக்குக் கிருமிநாசினி தெளிப்பதையும், நாமக்கல்லில் முட்டை விலை தடுமாறுவதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

மனிதருக்கு எவ்வளவு ஆபத்து?

இதை மிகைப்படுத்தாமலும், குறைத்துச் சொல்லாமலும் புரிந்துகொள்ள வேண்டும். 2003 முதல் 2024 வரை உலகில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் 900க்கும் அதிகமானோருக்கு எச்5என்1 தொற்று உறுதி செய்யப்பட்டது. அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்தனர். இலேசாக வந்து போனவர்கள் பலர் கணக்கில் வராமல் இருந்திருக்கலாம். ஆனாலும் இது அலட்சியப்படுத்தக் கூடிய நோயன்று. இந்தியாவில் 2021 சூலையில் புதுதில்லியில் சிகிச்சை பெற்ற ஒரு சிறுவனும், 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண்குழந்தையும் இந்நோயால் இறந்தனர்.

அதே வேளையில், இக்கிருமி இதுவரை மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ச்சியாகப் பரவும் ஆற்றலைப் பெறவில்லை. நோயுற்ற அல்லது இறந்த பறவைகளோடு நெருங்கிப் பழகியவர்களுக்கே பெரும்பாலும் தொற்றியிருக்கிறது. இறந்த கோழியை வெறுங்கையால் எடுத்தல், இறகு பிடுங்குதல், வெட்டிச் சுத்தம் செய்தல், எச்சம் காய்ந்த தூசியைச் சுவாசித்தல் ஆகியவையே முக்கிய வழிகள். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளிலும் இக்கிருமி கண்டறியப்பட்டு, பண்ணைத் தொழிலாளர்கள் சிலருக்கும் தொற்றியது. பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் நம் வீட்டு வழக்கம் எவ்வளவு நல்லது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அறிவியலாளர்கள் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. கிருமி ஒவ்வொரு முறையும் ஒரு மனித உடலுக்குள் நுழையும்போது, மாற்றமடைந்து மனிதரிடையே எளிதாகப் பரவும் வாய்ப்பு அதற்குக் கிடைக்கிறது. ஆகவே ஒரு சிற்றூரின் கொல்லையில் நாம் காட்டும் கவனம் உலகத்திற்கே செய்யும் உதவி.

கோழிக்கறி சாப்பிடலாமா?

சாப்பிடலாம். நன்றாக வெந்த கறியிலும், கெட்டியாக வேகவைத்த முட்டையிலும் இக்கிருமி உயிரோடு இருக்காது. உள்பகுதி வரை 70 டிகிரி வெப்பம் ஏறினால் போதும், கிருமி அழிந்துவிடும். நம் குழம்பு கொதிக்கும் வெப்பம் அதைவிட அதிகம். ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கிருமி சாகும் என்று எண்ண வேண்டாம். குளிரில் அது நெடுநாள் உயிரோடு இருக்கும்.

2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்ற வதந்தி கைபேசி வழியாகப் பரவியது. கறிக்கோழி விலை அடிமட்டத்திற்கு விழுந்தது. வதந்தியைப் பரப்பியவர் எவரும் நட்டத்தில் பங்கு கொள்ளவில்லை. கடன் வாங்கிக் கோழி வளர்த்தவரும் பண்ணையில் கூலி வேலை செய்தவருமே பாதிக்கப்பட்டனர்.

வீட்டில் செய்ய வேண்டியவை

நோய் பரவுவதாகச் செய்தி வரும் காலங்களில் நாம் கடைப்பிடிக்க வேண்டியவை மிக எளியவை.

1. பச்சைக் கறியை வெட்டும் கத்தியையும் பலகையையும் காய்கறிக்குப் பயன்படுத்தாதீர்கள். கறியைக் கழுவும்போது தண்ணீர் நாற்புறமும் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இக்கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதை உடைத்துவிடும்.

2. ஆஃபாயில், கலக்கி போன்ற அரைவேக்காட்டு முட்டைகளை அக்காலத்தில் தவிருங்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. முட்டையை வேகவைத்துக் கொடுத்தால் சத்து எதுவும் குறைந்துவிடாது.

3. கோழிகளைக் கூண்டிலோ, வலையடித்த இடத்திலோ அடைத்து வையுங்கள். ஏரிக்கும் வயலுக்கும் மேய விட வேண்டாம். தீவனமும் தண்ணீரும் காட்டுப்பறவைகள் வந்து கொத்தாத இடத்தில் இருக்கட்டும். சந்தையில் வாங்கிய கோழியை உடனே பழைய கோழிகளோடு சேர்க்காமல் சில வாரங்கள் தனியே வைத்திருங்கள்.

4. கூட்டைச் சுத்தம் செய்யும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். சற்றுத் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்கினால் தூசி பறக்காது. கூட்டுக்குள் போடும் செருப்பை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

5. கோழிகள் திடீரெனச் செத்தாலோ, கொண்டையும் தாடியும் நீலம் பூத்தாலோ, தலை வீங்கினாலோ, முட்டை சட்டென்று குறைந்தாலோ, அவற்றைத் தொடாதீர்கள். குழந்தைகளையும் நாய், பூனைகளையும் அருகே விடாதீர்கள். ஓடையிலும் கிணற்றிலும் குப்பையிலும் எறியாதீர்கள். அறுத்துத் தின்னவோ, மலிவாக விற்கவோ கூடாது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்கோ, கிராம நிர்வாக அலுவலருக்கோ, 1962 என்ற கால்நடை உதவி எண்ணிற்கோ தெரிவியுங்கள்.

6. அப்படிப்பட்ட கோழிகளைத் தொட்டவருக்குச் சில நாட்களில் காய்ச்சல், இருமல், தொண்டை வலி, கண் சிவத்தல், மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கோழியைத் தொட்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். இதற்கான மருந்து முதல் இரண்டு நாட்களுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். அம்மருந்தை முன்கூட்டியே வாங்கிப் பதுக்குவதும், மருத்துவர் சொல்லாமல் விழுங்குவதும் தவறு.

மூட்டை மூட்டையாக அரிசி வாங்கிக் குவிக்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். தேவையில்லை. புயலுக்கும் வெள்ளத்திற்கும் ஆயத்தமாவது போல, ஒரு வாரத்திற்கான உணவுப் பொருள்கள், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் சாப்பிடும் மாத்திரைகள், ஒரு காய்ச்சல்மானி, சோப்பு ஆகியவை வீட்டில் இருந்தால் போதும். அதற்கு மேல் நாம் வாங்கிக் குவிப்பது, அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் சாமான் வாங்குகிறவரின் பங்காக இருக்கும்.

மறைப்பதால் வரும் கேடு

2008 சனவரியில் மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் தொடங்கிய நோய் மாநிலத்தின் பல மாவட்டங்களுக்குப் பரவியது. நாற்பது லட்சத்திற்கும் மேற்பட்ட பறவைகள் கொல்லப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி ஏழைகளின் கொல்லையில் வளர்ந்தவை. கோழிகளைப் பறித்துக்கொள்வார்கள் என்று அஞ்சி, மக்கள் அவற்றை ஒளித்து வைத்தனர், இரவோடு இரவாக வேறு ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்றனர். அந்தக் கோழிகளோடு நோயும் பயணம் செய்தது.

அவர்களைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் அவர்கள் நிலையில் நம்மை வைத்துப் பார்க்க வேண்டும். நோய் உறுதியானால், அந்த இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகள் அனைத்தும், நன்றாக இருப்பவையும் கூட, கொல்லப்படும். பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு இருக்கும். கொல்லப்படும் பறவைகளுக்கு மத்திய, மாநில அரசுகள் சரிபாதியாகப் பகிர்ந்து இழப்பீடு தருகின்றன. 2021இல் கேரளத்தில் இரண்டு மாதத்திற்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாயும், அதற்குக் குறைந்ததற்கு 100 ரூபாயும் அறிவிக்கப்பட்டது. ஒரு நல்ல நாட்டுச் சேவலின் சந்தை விலைக்கு இது ஈடாகாது. ஆக, உண்மையைச் சொல்பவர் தன் கோழிகளை மட்டுமல்ல, ஊராரின் நல்லெண்ணத்தையும் இழக்க நேரிடும். “உன்னாலதான் எங்க கோழியெல்லாம் போச்சு” என்ற சொல்லுக்குப் பயந்துதான் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

எனவே வீட்டில் நாம் செய்யும் ஆயத்தம் மட்டும் போதாது. தெருவும் ஊரும் ஆயத்தமாக வேண்டும். நோய் வருவதற்கு முன்பே நாம் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்: யார் வீட்டில் முதலில் கோழி செத்தாலும் அவரைக் குற்றம் சொல்ல மாட்டோம், முதலில் சொன்னவருக்கு நன்றி சொல்வோம், இழந்தவருக்கு மீண்டும் குஞ்சு வாங்க நம்மால் இயன்றதைக் கொடுப்போம். மகளிர் குழுக்களும் அன்பியங்களும் இதை எளிதாகச் செய்ய முடியும்.

பங்குகளுக்கும் ஒரு வார்த்தை. நம் ஆலயத் திருவிழாக்களில் நேர்ச்சையாகக் கோழிகளைக் கொண்டு வருவதும், அவற்றை ஏலம் விடுவதும் நெடுநாள் வழக்கம். பல வீட்டுக் கோழிகள் ஓரிடத்தில் கூடி, மாலையில் வேறு பல வீடுகளுக்குப் பிரிந்து போகின்றன. நோய் பரவ இதைவிட வசதியான வழி வேறில்லை. அப்படிப்பட்ட ஆண்டுகளில் கோழிக்குப் பதிலாக அரிசியோ பருப்போ காணிக்கையாக்கலாம். நேர்ச்சையின் மதிப்பு அதனால் குறைந்துவிடாது.

அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று?

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவர் சொல்லக் கேட்டதும் நானும் ஒரு கணம் தயங்கினேன். எங்கள் திருவிழாவுக்குப் பத்து நாட்களே இருந்தன. ஊரே பேசுமே என்று எண்ணினேன். பிறகு வெட்கப்பட்டேன். கால்நடை மருந்தகத்திற்கு அவரோடு நானும் போனேன்.

மருத்துவர் கையுறையும் முகக்கவசமும் அணிந்து வந்து பார்த்தார். ஓடையில் கிடந்தவற்றை எடுத்து, ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கச் செய்தார். மாதிரிகளை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை அந்த அம்மா தூங்கவில்லை. சில நாட்களில் முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை. நம் ஊர்க் கோழிகளுக்கு வழக்கமாக வரும் வெள்ளைக்கழிச்சல்தான். இவ்விரு நோய்களும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். ஆய்வுக்கூடத்தில்தான் வேறுபாடு தெரியும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. கால்நடைப் பராமரிப்புத் துறை அதற்கான முகாம்களையும் நடத்துகிறது. அதை முன்பே போட்டிருந்தால் அந்த ஐந்து கோழிகளும் பிழைத்திருக்கலாம்.

மீதிக் கோழிகளுக்கு மருத்துவர் சொன்னபடி செய்தார். அந்தத் தெருவில் எல்லார் வீட்டுக் கோழிகளுக்கும் தடுப்பூசி போடப்பட்டது. வெளியே சொல்லாதே என்று தடுத்த அந்தப் பக்கத்து வீட்டாரும் தங்கள் கோழிகளைக் கூடையில் கொண்டுவந்து வரிசையில் நின்றார்கள்.

ஒருவேளை முடிவு வேறாக வந்திருந்தால்? அப்போதும் அவர் செய்தது சரியே. அந்த நிலையில் அவரோடு நாம் எத்தனை பேர் நின்றிருப்போம் என்பதுதான் கேள்வி. நோய் இல்லாத இந்த நாட்களிலேயே அதற்கான பதிலை நம் குடும்பங்களிலும், நம் தெருவிலும் பேசித் தயாராக வைத்திருப்போம்.