திடலும் பிள்ளைகளும் – 7: காசு கேட்காத இருபது நிமிடம்

இளையோர் ரக்பியில் காயத்தைத் தடுக்கும் வழிகளில் நல்ல பலன் தருபவை பெரும்பாலும் காசு கேட்பதில்லை. காசு கேட்கும் பொருள்களில் சில, தடுக்கும் என்று பெற்றோர் நம்பும் காயத்தைத் தடுப்பதே இல்லை. கோலாலம்பூரின் செராஸ் குடியிருப்புகளில் பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லிக்கொடுக்கும் முயற்சிக்கு என்னென்ன வேண்டும் என்பது இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். திடல் பிடிப்பதும், விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் சங்கத்தைப் பதிவதும் முடிந்த கதை. இந்த வாரம் வரவு செலவு என்று சொல்லப்பட்டிருந்தது. பாதுகாப்பு முந்திக்கொண்டது.

பாதுகாப்பு, எந்த ஆட்டத்தை ஆடவைப்பது என்ற முடிவில் தொடங்குகிறது. சிறுவர்களை எடுத்ததும் மோத விடக்கூடாது. இடுப்பில் தொங்கும் நாடாவைப் பிடுங்கும் டேக் ரக்பியும், கையால் தொட்டால் போதும் என்ற டச் ரக்பியும் அவர்களுக்குரியவை. பந்தை வீசவும் பிடிக்கவும் இடைவெளி பார்த்து ஓடவும் இவற்றிலேயே பழகலாம். மோதும் ஆட்டத்துக்கு வரும்போது வயதை மட்டும் பார்த்துப் பிரிப்பது போதாது. 13 வயதில் ஒருவன் 35 கிலோ இருப்பான், அவன் வகுப்புத் தோழன் 70 கிலோ இருப்பான். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் எடை வரம்பு வைத்தே இளையோர் பிரிவுகள் நடத்தப்படுகின்றன. பதினைந்து பேரைத் திரட்ட முடியாத குழுவுக்குப் பத்துப் பேர் ஆடும் டென்ஸ் போதும். அது எங்கோ பிறந்த ஆட்டமுறை அல்ல. பெட்டாலிங் ஜெயாவின் கோப்ரா சங்கம் 1960களின் இறுதிவாக்கில் தொடங்கி உலகுக்குக் கொடுத்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இதைச் சொல்லிப் பெருமைப்படுபவர்கள் ஏனோ குறைவு.

அடுத்தது உடலைச் சூடேற்றும் பயிற்சி. திடலைச் சுற்றி இரண்டு ஓட்டம், குனிந்து காலைத் தொடுவது, பிறகு ஆட்டம் என்பதே பல இடங்களில் வழக்கம். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு மாற்றாக ஒரு பயிற்சித் தொகுப்பை உருவாக்கினார்கள். 40 பள்ளிகளில், 14 முதல் 18 வயது வரையான 3,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் அதைச் சோதித்துப் பார்த்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பள்ளிகள் புதிய பயிற்சியைச் செய்தன, மீதிப் பள்ளிகள் வழக்கமான வகைப் பயிற்சியைச் செய்தன. வாரத்தில் குறைந்தது மூன்று முறை புதிய பயிற்சியைச் செய்த அணிகளில் ஆட்டக் காயங்கள் 72 விழுக்காடும், மூளை அதிர்ச்சி 59 விழுக்காடும் குறைந்திருந்தன. உலக ரக்பி அமைப்பு அதை ‘ஆக்டிவேட்’ என்ற பெயரில் இலவசமாகவே வழங்குகிறது.

அதில் இருப்பவை திசை மாற்றி ஓடுதல், ஒற்றைக் காலில் நிற்றல், குதித்து இறங்குதல், உடல் எடையையே சுமையாக வைத்துத் தசையை வலுவாக்குதல், கழுத்தை உறுதிப்படுத்துதல் ஆகியவைதான். எடைக்கல் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 20 நிமிடம். மூளை அதிர்ச்சி குறைந்ததற்குக் கழுத்துப் பயிற்சி ஒரு காரணமாக இருக்கலாம். கழுத்து உறுதியாக இருந்தால் மோதலின்போது தலை வெடுக்கென்று உதறுவது குறையும் என்பது அதன் பின்னுள்ள எண்ணம்.

அந்த ஆய்வு முடிவில் ஒரு சிக்கல் உண்டு. பயிற்சியை எத்தனை முறை செய்தன என்று பாராமல் எல்லா அணிகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டால் பலன் அத்தனை பெரிதில்லை. மூன்று முறை என்பதில்தான் சூட்சுமம். செராஸ் குழு வாரத்தில் இரண்டு நாள் திடலில் கூடினாலே பெரிய காரியம். மூன்றாவது தடவையைத் திடலுக்கு வெளியேதான் தேட வேண்டும். பள்ளி உடற்கல்வி வேளை ஓர் இடம், பிபிஆர் மக்கள் குடியிருப்பு அடுக்குமாடியின் கீழ்த்தளம் இன்னோர் இடம். ஒரு மூத்த மாணவன் முன்னின்று பத்துப் பிள்ளைகளைச் செய்யவைத்தால் கணக்கு சரியாகிவிடும்.

பயிற்றுநர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதன் பலனுக்கு நியூசிலாந்து சான்று. அங்கே 2001இல் ‘ரக்பிஸ்மார்ட்’ திட்டத்தின்கீழ்ப் பயிற்றுநர்களும் நடுவர்களும் ஆண்டுதோறும் பாதுகாப்பு வகுப்பில் கலந்துகொள்வது கட்டாயமாயிற்று. முந்தைய ஆண்டுகளின் போக்கிலேயே போயிருந்தால், 2005 வரை, இரு அணியினரும் பிணைந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் ஏறக்குறைய 9 கடுமையான முதுகுத்தண்டுக் காயங்கள் நேர்ந்திருக்க வேண்டும். நேர்ந்தது ஒன்று. உலக ரக்பியின் இணையப் பாடங்கள் இன்று இலவசம் என்பதால், அவற்றை முடிக்காத ஒருவரிடம் பிள்ளைகளை ஒப்படைக்க எந்தச் சாக்கும் இல்லை.

இனிக் கடைச் சாமான். மெத்தை வைத்த தலைக்கவசத்தைப் பார்த்தால் பெற்றோருக்கு நிம்மதி வருகிறது. ஆஸ்திரேலியாவில் 4,000க்கும் மேற்பட்ட இளம் ஆட்டக்காரர்களிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வு, அது மூளை அதிர்ச்சியைக் குறைப்பதாகக் காட்டவில்லை. காது சிராய்ப்புக்கு வேண்டுமானால் உதவும். பல் காப்பு அப்படியல்ல. நியூசிலாந்து அதைக் கட்டாயமாக்கிய பின் பல் காயங்களுக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் 43 விழுக்காடு குறைந்தன. வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்தும் சாதாரண வகையே ஒரு பருவத்துக்குப் போதும்.

தலையில் அடிபட்டதோ என்ற சந்தேகம் வந்தாலே பிள்ளை வெளியே வர வேண்டும், அன்று மீண்டும் இறங்கக் கூடாது. கனடாவின் ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது மாணவி, 2013 மே மாதம் ஒரு வாரத்துக்குள் பலமுறை தலையில் அடிபட்டும் தொடர்ந்து ஆடி உயிரிழந்தாள். தனக்கு மூளை அதிர்ச்சியோ என்று தோழியிடம் குறுஞ்செய்தியில் கேட்டிருந்தாள், பெரியவர்களிடம் சொல்லவில்லை. ஒண்டாரியோ மாநிலம் 2018இல் அவள் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் சமூக விளையாட்டில் மீண்டும் போட்டியாட 21 நாளாவது காத்திருக்க வேண்டும். செராஸ் குழுவும் அதையே விதியாக்கலாம். மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. பண்டார் துன் ரசாக்கில் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. ஆனால், திடலின் எந்த வாசல் வழியாக ஆம்புலன்ஸ் வரும், அந்தப் பூட்டின் சாவி யாரிடம் என்பது முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும்.

வானிலையும் இவ்வூரில் ஓர் எதிரணி. பிற்பகல் இடிமழை கிள்ளான் பள்ளத்தாக்கின் வாடிக்கை என்பதால் காலைப் பயிற்சியே நல்லது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவென்றால் திடல் காலியாக வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே திரும்பலாம். மரத்தடி ஒதுங்குமிடம் அல்ல. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பயிற்சி இல்லை. மழைநீர் தேங்கிய திடலில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. சிராய்ப்பை மூடிய பிறகே ஆட வேண்டும். சில நாளில் காய்ச்சல் வந்தால் திடலில் ஆடியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கடைசியாக, ஒரு பெரியவர் ஒரு பிள்ளையுடன் தனித்திருக்கும்படி எந்த ஏற்பாடும் கூடாது. காரில் வீட்டில் விடுவதும் இதில் அடங்கும். புகாருக்கு 15999 என்ற தாலியான் காசே உதவி எண் எல்லாப் பெற்றோரிடமும் இருக்க வேண்டும்.

வரவு செலவு அடுத்த வாரம் கட்டாயம் வரும். அதுவரை யாரும் தலைக்கவசம் வாங்கிவிட வேண்டாம்.